இனயத்துக் கம்ப்யூட்டரில் வந்த இரண்டாவது பெயர்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொல்ல வேண்டாம். அந்த எட்டாம் வகுப்பை வைத்துக்கொண்டு நான் செய்தவை இவை. எங்கள் ஊர்ச் சபைக்கு நானே ஆம்ப்ளிஃபயர் கட்டிக் கொடுத்தேன். பாஸ்டர் இங்கே ஜெபம் பண்ணினால் அடுத்த ஊரில் ஆமென் சொன்னார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டத்துக்குள், அட்டை கடிக்கக் கடிக்க, வயர்ச் சுருளைத் தோளில் சுமந்துபோய் டெலிபோன் இழுத்தேன். கோட்டாற்றுக் கடைத்தெருவில் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுத் திரும்பவும் பூட்டிக் காட்டினேன். பூட்டிய பிறகு ஒரு திருகாணி மிச்சம் இருக்கவில்லை. வீடு கட்டினேன். அதற்கு இன்ஜினியர் வைக்கவில்லை. ஆடி மழைக்கும் ஐப்பசி மழைக்கும் இதுவரை ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. கடற்கரை ஐஸ் பிளாண்டுகளில் கிடந்த சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு, கோட்டாறு ஆபீசில் உட்கார்ந்தபடியே பெயரும் பாஸ்வேர்டும் தட்டி உள்ளே நுழையும்படி வாசல் வைத்தேன். யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில்தான் அப்படி நுழைவார்கள்; எஸ்.எஸ்.எச். என்று அதற்குப் பெயர். விண்டோஸிலும் அதைச் செய்யலாம் என்பது எனக்குத் தெரிந்து அப்போது இந்த மாவட்டத்தில் யாருக்கும் தெரியாது.

அந்த வாசலை வைத்தவர் ஜெபசிங் என்று இன்று ஆபீஸ் சுவரில் ஒரு பலகை சொல்கிறது.

கம்பெனியின் ஊழியர் மலருக்கு எழுதித் தரச் சொல்லி, அங்கே இப்போது வேலை பார்க்கிற இளம் பிள்ளைகள் என்னை ஆபீசுக்கு அழைத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் பலகையைப் பார்த்தேன். நன்றாகத் துடைத்து வைத்திருந்தார்கள். நான் பார்ப்பதைக் கண்ட ஒரு பெண் பிள்ளை, கள்ளமில்லாமல்தான், கேட்டாள்: "சார், இப்போ விண்டோஸ் பத்துல எஸ்.எஸ்.எச். சர்வர் கூடவே வருது. செட்டிங்ஸ்ல போய்ச் சேர்த்தா முடிஞ்சு. அப்போ இதுல அப்படி என்ன பாடு இருந்துது?"

எனக்கு வயிறு எரிந்தது. பொறாமையா என்று கேட்டால் பொறாமைதான். வயதானால் இதெல்லாம் அடங்கும் என்றார்கள். சர்க்கரை மாதிரி இதுவும் கூடத்தான் செய்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதிலுக்குள் ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

நான் படித்த கதை சின்னது. ரேடியோக் கடையில் ஈயம் உருக்கினேன். வளைகுடாவுக்கு எலெக்ட்ரீஷியனாகப் போனேன். அங்கே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் அறைக்கு கேபிள் இழுக்கும்போது, அறையைப் பார்த்துக்கொண்ட மலையாளி ஆபரேட்டர் ஒருவர் பழக்கமானார். அவர் தொழுகைக்குப் போகும் நேரம் டேப் மாற்றிப் போடுவது என் வேலை. அதற்குக் கூலியாக எனக்கு யூனிக்ஸ் காட்டித் தந்தார். கட்டளைகளுக்கு அர்த்தம் தெரியும் முன்பே எனக்கு அவற்றின் முகம் தெரிந்துவிட்டது. ஊருக்கு வந்து கோட்டாற்றில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டேன். கடை ஓடவில்லை, நான் ஓடினேன். ஓடிச் சேர்ந்த இடம்தான் இந்த ஐஸ் கம்பெனி.

கம்பெனிக்குக் கடற்கரை நெடுக ஐஸ் பிளாண்டுகள். கோட்டாற்றில் தலைமை ஆபீஸ். ஒவ்வொரு பிளாண்டிலும் ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஒரு கிளார்க். எத்தனை ஐஸ் பார் இறங்கியது, எத்தனை உருகிப்போனது, டீசல் எவ்வளவு எரிந்தது என்று அவர்கள் அதில் ஏற்றி வைப்பார்கள். காலையில் கோட்டாற்றிலிருந்து போன் போட்டுக் கேட்க வேண்டும். அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கிற இயந்திரம் அலறும், இந்தப் பக்கம் கடைத்தெரு அலறும். சொன்னது ஒன்றாகவும் எழுதியது வேறாகவும் இருக்கும். மீன்காரர்கள் நிற்கிற நேரத்தில் பார் இல்லை என்றால் கொலை விழும்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் பிளாண்டுகளுக்கு பிராட்பேண்ட் வந்தது. அதற்கு மேல் போன் எதற்கு என்று நான்தான் கேட்டேன். படமாகத் தெரிகிற ரிமோட் மென்பொருள்கள் அப்போதும் இருந்தன. ஆனால் அந்த லைனில் படம் ஊர்ந்து வரும். போதாததற்கு நாம் உள்ளே போனால் அங்கே கிளார்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எஸ்.எஸ்.எச். அப்படியில்லை. வெறும் எழுத்து மட்டும் போய் வரும். லைன் நொண்டினாலும் எழுத்து வந்து சேரும். நாம் வந்துபோனதே கிளார்க்குக்குத் தெரியாது.

இனி பாடு என்ன என்று சொல்கிறேன், அந்தப் பிள்ளை கேட்கட்டும். முதலில் சிக்வின் என்ற இலவச மென்பொருளை இறக்க வேண்டும். விண்டோஸுக்குள் அது ஒரு குட்டி யூனிக்ஸைக் குடிவைக்கும். இறக்கும்போது நீளமாக ஒரு பட்டியல் காட்டும். அதில் எஸ்.எஸ்.எச்.சைத் தேடிப்பிடித்துத் தேர்ந்தெடுக்காவிட்டால் வீடு வரும், வாசல் வராது. பிறகு கறுப்புத் திரையில் அமைப்புக் கட்டளையைத் தட்டினால், பெண் பார்க்க வந்த வீட்டார்போல் வரிசையாகக் கேள்வி கேட்கும். ஆம் என்றால் முழுச் சொல்லாக எழுத வேண்டும். முதல் எழுத்தை மட்டும் தட்டினால் திரும்பவும் அதையே கேட்கும். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு சர்வீஸைக் கிளப்ப வேண்டும். விண்டோஸில் உள்ள ஆட்களின் பெயர்களை யூனிக்ஸ் பக்கத்துக்குப் படியெடுத்துக் கொடுக்க வேண்டும். அதை மறந்தால் சரியான பாஸ்வேர்டைத் தட்டினாலும் உன்னைத் தெரியாது என்றுவிடும். ஃபயர்வாலில் இருபத்திரண்டாம் எண் வழியைத் திறக்க வேண்டும். மோடத்துக்குள்ளே போய், இருபத்திரண்டில் வருகிறவனை இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பு என்று சொல்லிவைக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினால் எல்லாம் பிசகும். எங்கே பிசகியது என்று அது வாய் திறந்து சொல்லாது.

உப்புக் காற்றில் விசைப்பலகை துருப்பிடித்து, சில எழுத்துகளைக் குத்தினால்தான் விழும். அமோனியா நெடியில் கண் எரியும். அப்படி ஒவ்வொரு பிளாண்டாகப் போய் வைத்தேன்.

நுழைகிறவனுக்குத் திரையில் ஒரு வாசகம் காட்டலாம். கடற்கரையில் பெயர் எழுதாத வள்ளத்தைத் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். நானும் எழுதினேன். கறுப்புத் திரைக்குத் தமிழ் எழுத்து ஓடாததால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதினேன்: வணக்கம். இது கோட்டாறு தங்கையன் வைத்த வாசல். செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்.

எங்கள் மானேஜர் ராஜமணி சாரை உட்காரவைத்து, இனயம் பிளாண்டுக்குள் நுழைந்து காட்டினேன். அவர் அந்த வாசகத்தை உதட்டுக்குள் வாசித்தார். "செருப்பு எதுக்குடே?" என்று மட்டும் கேட்டார். பிறகு கணக்கைப் பார்த்தார். பிறகு தன் மேஜை ஃபேனைப் பிடித்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

ராஜமணி சாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நன்றாகச் செய்தாய் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. வேலை பிடித்தால் ஃபேனைத் திருப்புவார். அந்த ஃபேன் யார் பக்கம் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் ஆபீஸே அன்றைய காற்றைத் தெரிந்துகொள்ளும். வேண்டாதவரைப் போ என்று சொன்னதும் இல்லை. ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடக்கும். அதில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருப்பார். சார் எதுவும் பேச மாட்டார். உங்கள் வேலை கொஞ்சம் கொஞ்சமாக அந்த நாற்காலிக்கு நகரும். ஒரு நாள் உங்களுக்கே வெட்கமாகி நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டுப் போவீர்கள். ஸ்டோர் கீப்பர் அப்படித்தான் போனார். டிரைவர்கூட அப்படித்தான் போனார். வண்டியில் பக்கத்து இருக்கையில் ஒருவன் வந்து உட்கார்ந்தான், அவ்வளவுதான். கம்பெனியில் எல்லோருக்கும், கடப்புறத்துப் பிளாண்டு வரைக்கும், இது தெரியும்.

சில வருடங்கள் ஃபேன் என் பக்கம்தான் நின்றது. பிறகு ஒரு காலையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடந்தது.

அதில் ஜெபசிங் உட்கார்ந்திருந்தான். எம்.சி.ஏ. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு முடியாமல் போனதால் ஊரோடு வந்தவன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். "அண்ணாச்சி இருங்க" என்றான். என் நாற்காலியில் என்னை இருக்கச் சொல்ல இவன் யார் என்று இருந்தது எனக்கு. அவன் விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டுவான். போனில் இங்கிலீஷில் சிரிப்பான். அவன் பேண்ட்டில் எப்போதும் மடிப்பு நிற்கும். வேலையும் தெரியும், அதுதான் தொந்தரவே. வேலை தெரியாதவன் என்றால் நான் சந்தோஷமாக அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

அவன் முதலில் கை வைத்தது என் வாசகத்தில்.

"அண்ணாச்சி, வெளிய உள்ளவனுக்கு நம்ம பேரும் ஊரும் தெரியாண்டாம். அது பாதுகாப்பு இல்ல பாத்துக்கிடுங்க" என்றான். எடுத்துவிட்டு, அனுமதி இல்லாதவர் நுழையக் கூடாது என்று இங்கிலீஷில் ஒரு எச்சரிக்கை போட்டான். அவன் சொன்னது சரிதான். சரியாக இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன்.

பழைய கம்ப்யூட்டர்கள் போய், விண்டோஸ் ஏழு போட்ட புதியவை வந்தன. அதில் வாசல் வைக்கும் முறை கொஞ்சம் மாறிவிட்டது. சர்வீஸை ஓட்டுவதற்கென்றே கம்ப்யூட்டருக்குள் தனியாக ஓர் ஆளை உண்டாக்கி, அவனுக்குப் பாஸ்வேர்டும் அதிகாரமும் கொடுக்க வேண்டும். சிக் சர்வர் என்பது அவன் பெயர். ரத்தமும் சதையும் கிடையாது, வெறும் பெயர்தான். எப்படிச் செய்வது என்று ஜெபசிங் வகுத்தான். பிளாண்டு பிளாண்டாகப் பஸ் ஏறிப் போய்ச் செய்தது நான். மூளை அவன், கால் நான் என்று ஆகிவிட்டது. ஒரு காலத்தில் இரண்டும் நானாக இருந்தேன்.

எல்லா இடத்திலும் ஓடியது. இனயத்தில் மட்டும் ஓடவில்லை.

ஓடவில்லை என்றால் ஒரேயடியாக இல்லை. நான் போய் வைத்துவிட்டு வருவேன். அன்று முழுக்க நன்றாக இருக்கும். மறுநாளோ அடுத்த நாளோ காலையில் கோட்டாற்றிலிருந்து தட்டினால் கதவு திறக்காது. ஜெபசிங், "அண்ணாச்சி, முழுசா அழிச்சிட்டு முதல்ல இருந்து போடுங்க" என்பான். நான் கருங்கல் வழியாகப் பஸ் பிடித்து இனயம் போவேன். முழுசாக அழித்துப் போட்டால் அந்தக் கம்ப்யூட்டரின் அடையாளச் சாவி புதிதாகிவிடும். அதனால் கோட்டாற்றில் திரும்ப நுழையும்போது, அந்தப் பக்கம் இருப்பது பழைய கம்ப்யூட்டர் இல்லை, யாரோ நடுவில் நின்று ஏமாற்றலாம் என்று திரை முழுக்க எச்சரிக்கை வரும். ஜெபசிங்குக்கு அதன் அர்த்தம் தெரியும். ராஜமணி சார் ஒரு தடவை அதை எட்டிப் பார்த்துவிட்டார். அவருக்கு ஏமாற்று என்ற ஒரு சொல் போதும்.

ஜெபசிங்கை நான் குறை சொல்ல வரவில்லை. கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு எழுதிவைக்கிற பதிவுகளை என்னைக் கொண்டே எடுத்து வரச் செய்து ஊன்றிப் படித்தான். சிக் சர்வர் என்ற ஆளே இல்லாததால் சர்வீஸ் கிளம்பவில்லை என்று கண்டுபிடித்தான். அதுவரை சரி. யார் அழித்தது என்பதில்தான் திணறினான். பிளாண்டில் இருப்பது ஒரே ஒரு கிளார்க். அந்தப் பெண் எதற்கு அழிக்கப் போகிறாள்? வெளியிலிருந்து எவனோ நுழைகிறான் என்று முடிவுக்கு வந்தான். சாரிடம் சொன்னான். சார் ஃபேனை அணைத்தார். அவர் ஃபேனை அணைத்து அன்றுதான் பார்த்தேன். வெளியாள் என்றால் போலீஸ், உள்ளாள் என்றால் அன்றைக்கே வீட்டுக்கு, நாற்காலி எல்லாம் போடுவதாக இல்லை என்றார்.

மறுபடியும் இனயத்துக்குப் பஸ் ஏறினேன். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. எம்.சி.ஏ. முழிக்கிறதே என்று ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போனேன்.

இனயம் பிளாண்டு கிளார்க்கின் பெயர் ஸ்டெல்லா. நாற்பதை ஒட்டிய வயது. அவள் கணக்கில் ஒரு பார் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. நான் போகும்போதெல்லாம் சாயா வாங்கித் தருவாள்; ஆனால் கதவு அடைபடத் தொடங்கிய பிறகு சாயாவை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அன்று போகவில்லை. நான் மறுபடியும் சிக் சர்வரை உண்டாக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, நான் ஒண்ணு கேட்டா உள்ளதச் சொல்லணும்."

"கேளு மக்கா."

"எனக்க சீட்டுக்கு ஆளு வச்சாச்சா?"

எனக்குப் புரியவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? இந்தக் கம்ப்யூட்டரு வந்த நாள்ல தொறந்தா நேர எனக்க வேலைக்குப் போவும். நீங்க வந்துட்டுப் போன பெறவு, தொறந்தா எனக்க பேருக்குப் பக்கத்துல சிக் சர்வர்னு ஒருத்தனுக்க பேரு நிக்குது. படமும் வச்சு. ராஜமணி சாரு வாயத் தொறந்து போன்னு சொல்லமாட்டாரு, நாற்காலி போடுவாரு. இஞ்ச நாற்காலி போட எடமில்ல. அதனால கம்ப்யூட்டருக்க உள்ள போட்டுருக்காரு. அப்பிடித்தானே?"

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் கிண்டலாகச் சொல்லவில்லை.

"அதுக்கு நீ என்ன செய்த?"

"அழிச்சேன்" என்றாள். "எனக்க மவன் கம்ப்யூட்டர் படிக்கான், பேரு வெட்டுற எடம் அவன் காட்டித் தந்தது. நீங்க போட்டுட்டுப் போவியோ, நான் வெட்டுவேன். அவனுக்க ஃபைல வைக்கணுமா, வேண்டாமான்னு கேட்டுது. வேலைக்கே வராதவனுக்கு என்ன ஃபைலுன்னு வேண்டாம்னு போட்டேன்."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவள் கணவர் சவூதியில் கம்பெனி மூடி ஊருக்கு வந்து வீட்டில் இருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் அடுப்பு எரிவது இந்த நாற்காலியால்தான்.

பகலில் அவள் அந்தப் பெயரை அழித்தாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற சர்வீஸ் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போடும்போதுதான் ஆளைத் தேடும், ஆள் இருக்காது. அதனால்தான் நோயும் நோய்க்காரணமும் வேறு வேறு நாளில் கிடந்தன. ஜெபசிங்கின் பதிவுகளில் எல்லாம் இருந்தது. நாற்காலி மட்டும் இல்லை.

நான் விளக்கினேன். "மக்கா, அது ஆளே இல்ல. வாசலுக்கு வச்ச காவக்காரன். கம்ப்யூட்டருக்க உள்ளயே கிடப்பான்."

"சம்பளம்?"

"சம்பளமும் இல்ல, சாப்பாடும் இல்ல."

"அப்போ பைய எல்லா எடத்துலயும் அவனையே வச்சிடுவாங்களே அண்ணே" என்றாள்.

நான் திரும்பி, சிக் சர்வருக்குப் பாஸ்வேர்டைத் தட்டினேன்.

போலீஸ் விஷயம் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. நான் தேடுகிற கள்ளன் தான்தான் என்று தெரிந்தபோது, கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடாதே என்று அவள் கேட்கவில்லை. சாயா ஆறிப்போகிறது, குடியுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் நான் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கே ஃபேன் என் பக்கம் திரும்பும். எம்.சி.ஏ.க்குப் பிடிபடாததை எட்டாம் வகுப்பு பிடித்தது என்று கோட்டாறு முழுக்கப் பேசும். எத்தனை நாளாக அதற்காக ஏங்கினேன் என்று எனக்கல்லவா தெரியும். கருங்கல் வருவது வரைக்கும் சாரிடம் எப்படிச் சொல்வது என்று வாசகம் அமைத்துக்கொண்டே வந்தேன். நல்ல வாசகமாகவே அமைந்தது.

ஆபீசில் சாரும் ஜெபசிங்கும் காத்திருந்தார்கள். "என்னடே தங்கையா, ஆளு ஆப்பிட்டானா?" என்றார் சார்.

அவர் அறையிலிருந்து பார்த்தால் என் இடம் தெரியும். அங்கே என் நாற்காலியும் ஜெபசிங்கின் நாற்காலியும் கிடந்தன. என் மேஜையில் என் விசைப்பலகையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு அவன் டைரியை வைத்திருந்தான்.

"இல்ல சார்" என்றேன்.

வெளியே வந்ததும் ஜெபசிங்கைத் தனியாகக் கூப்பிட்டேன். "லே, திரையில அந்தச் சிக் சர்வருக்க பேரு தெரியாம ஆக்க முடியுமா?"

அவன் என்னைக் கூர்ந்து பார்த்தான். "யாரு அண்ணாச்சி தொட்டது?"

"யாரு தொட்டான்னு நான் சொன்னேனா? தெரியாத பேரு கண்டா யாருக்கும் கை போவும். தெரியாம இருந்தா போவாது. முடியுமா, முடியாதா, அதச் சொல்லு."

அவன் மறுபடி கேட்கவில்லை. தேடினான். சாயா ஒன்று குடிக்கிற நேரத்தில் வழி கண்டான். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும், அந்த வழி எனக்குத் தெரியாது. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில், முகப்புத் திரையில் காட்டக் கூடாத பெயர்களுக்கென்று ஓர் இடம் உண்டு. அங்கே பெயரை எழுதி எதிரே சைபர் போட்டால், ஆள் இருப்பான், முகம் காட்டமாட்டான். நான் அடுத்த நாளே இனயம் போய் அப்படிச் செய்தேன். அணைத்துப் போட்டுக் காட்டினேன். ஸ்டெல்லாவின் பெயர் மட்டும் நின்றது.

"போயிட்டானா அண்ணே?"

"உள்ளதான் இருக்கான். உனக்க முன்னால வரமாட்டான்."

அதன்பிறகு இனயத்தின் கதவு ஒரு நாளும் அடைபடவில்லை.

மாதக் கூட்டத்தில் ராஜமணி சார் எழுந்தார். வெளியிலிருந்து வந்த கள்ளனின் வழியை ஜெபசிங் அடைத்துவிட்டான் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஜெபசிங் மறுக்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்தான், கொஞ்ச நேரம் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்தானா, சொல்லிவிடுவேன் என்று பயந்தானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கள்ளன் இல்லை என்று நான் சொன்னால், பின்னே யார் என்று சார் கேட்பார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேன் திரும்புகிற சத்தம் கேட்டது. அதற்கு ஒரு கிறீச்சு உண்டு. என் பக்கம் திரும்பும்போது அது எனக்குச் சங்கீதமாக இருந்தது. அன்று பல்லைக் கூச வைத்தது.

பிறகு நடந்ததெல்லாம் அந்தக் கம்பெனியில் நடப்பதுதான். வேலை பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தது. என்னைக் கேபிள் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆனால் ஸ்டோர் கீப்பர்போல நான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. வெட்கப்பட நான் என்ன கள்ளனா? வயது முடிகிற நாள்வரை இருந்து, மாலை வாங்கிக்கொண்டுதான் இறங்கினேன். மாலையைப் போட்டது ஜெபசிங். நல்ல ரோஜா மாலை.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், இப்போதுதான் சொல்ல முடியும். இனயம் பிளாண்டை மூடிவிட்டார்கள். ராஜமணி சார் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். ஸ்டெல்லாவின் மகன் வேலைக்குப் போய்விட்டான். அவள் யாருடைய நாற்காலியையும் நம்பி இல்லை. பலகையைப் பார்த்த அன்று சாயங்காலம் அவளுக்குப் போன் போட்டு, எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க அண்ணே. எனக்க பேரையும் போடுங்க. அந்தப் பயலச் சம்பளமில்லாம காவல் நிக்க விட்டதே நீங்கதானே" என்று சிரித்தாள்.

ஜெபசிங் இதை வாசிப்பான். இன்று கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவன்தான் தலை; மலரில் எது வரும், எது வராது என்பதும் அவன் கையில்தான். அவன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு புது நாற்காலி கிடப்பதை நானும் பார்த்தேன். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொருவனின் நாற்காலியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவன் இல்லை நான். கொஞ்சம் பட்டேன்.

என் கோரிக்கைக்கு வருகிறேன். ஆபீஸ் சுவரில் இருக்கிற பலகையைக் கழற்ற வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு முதலில் வாசல் வைத்தவன் தங்கையன் என்று எழுத வேண்டும். இனயத்துக் கதவு ஏன் அடைபட்டது என்று கண்டவனும் அவனே என்று எழுத வேண்டும். பெயரை மறைக்கும் வழி கண்டது ஜெபசிங் என்பது உண்மை; உண்மையை அழிக்கச் சொல்பவன் நான் இல்லை. பிளாண்டுகளுக்குள் நுழைகிறவர்களுக்கு அந்த இங்கிலீஷ் எச்சரிக்கைக்குக் கீழே என் பழைய வரியைத் திரும்பப் போட வேண்டும். ஊர்ப் பெயர் கூடாது, பாதுகாப்பு இல்லை என்றால் ஊரை எடுத்துவிடட்டும். செருப்பை வேண்டுமானாலும் எடுத்துவிடட்டும்.

பலகையில் ஜெபசிங்கின் பெயர் இருக்கட்டும். என் பெயருக்குக் கீழே இருக்கட்டும்.